கூடை எடை

நண்டுக் கம்பெனியில் தராசு என் பொறுப்பு.
மண்டபம் வடக்குக் கரையில் வள்ளம் ஒதுங்குவதற்குள்
பெட்டிகளைக் கழுவிக் காத்திருக்க வேண்டும்.
அதற்கும் முன்னால், விடியக்காலை நாலரைக்கு,
எனக்கு நானே ஒரு குத்து.
எந்த விரல் என்பதில்தான் தினமும் தகராறு.
சுட்டுவிரலில் கொடுக்குக் கிழித்த தழும்பு,
நடுவிரலில் எடுக்க வராத முள்,
மோதிர விரல் தையல் போட்டது.
சுண்டுவிரல் மட்டும் இன்னும் புதுசு.

ஒரு சொட்டு. ஐந்து நொடி.
271.

"வெறும் வயித்துலயே இவ்வளவா, பிரிஸ்கா?"
வலையைத் தோளில் போட்டபடி லியோன் கேட்டார்.
ராத்திரி என்ன தின்றேன் என்று அவருக்குத் தெரியும்.
எனக்கும் தெரியும்.
மிஷினிடம் மட்டும் நாங்கள் சொல்லவில்லை.

நான் நூற்றுப் பதினெட்டு கிலோ.
இரைப்பையை வெட்டி
ஒரு வாழைப்பழம் அளவுக்குத் தைத்துவிடலாம்,
முழங்கால் பிழைக்கும், மூச்சு பிழைக்கும்
என்று மதுரை டாக்டரம்மா சொன்னார்.
"ஆனா சர்க்கரை இறங்கினாத்தான் கத்தி.
இப்பக் கீறினா புண்ணு ஆறாது.
தினமும் பாத்து எழுதிட்டு வாங்க."

தனி நோட்டு வாங்கவில்லை.
கம்பெனி நோட்டையே கவிழ்த்துப் பின்பக்கத்தில் தொடங்கினேன்.
முன்பக்கம்
செய்யது வள்ளம் பதினாலு கிலோ முந்நூறு,
காளிமுத்து ஆறு கிலோ எழுபது,
தண்ணீர் வடியவிட்டு, கூடை எடை கழித்து.
பதினொரு வருஷம். ஒரு கிராம் நான் தின்றதில்லை.
தட்டின் ஓரத்தில் முதலாளியின் சுண்டுவிரல் பட்டபோது
எடுங்க அண்ணாச்சி என்றவள்.
பின்பக்கம்
271, 264, 249.
கீழக்கரையிலிருந்து தொதல் வந்த மறுநாள் 302.

ஒரு வியாழக்கிழமை 238 வந்தது.
எழுதும்போது 138 ஆகிவிட்டது.
ஆகிவிட்டதா? நான்தான் எழுதினேன்.
அதே பேனா, அதே கை.
மறுநாள் 141. அப்புறம் 129.
கழுவித் துடைத்து
ஐஸில் அடுக்கி வைத்த மாதிரி எண்கள்.
அவற்றைப் பார்க்கவே பசித்தது எனக்கு.

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
மூன்று மாதச் சராசரி என்று ஒன்று இருக்கிறதாம்.
சோழகம் அடித்த நாள் தொட்டு
உருண்டை உருண்டையாக விழுங்கிய சோற்றை,
தேநீருக்குப் போட்ட ஒவ்வொரு கரண்டியை
ரத்தம் மறக்காமல் வைத்திருக்குமாம்.
பத்து புள்ளி நாலு என்று தாள் வந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.
மூடி வைக்கப் போனவர் கையில்
நோட்டு முன்பக்கமாகத் திறந்துகொண்டது.
"இது என்ன?"
"நண்டுங்க."
நாலைந்து தாள் புரட்டினார்.
"இதுல ஒரு அடித்தல் திருத்தல் இல்லையே."

தேதி தரவில்லை. ஊசி மருந்தைக் கூட்டினார்.
ராமேஸ்வரம் பாசஞ்சரில் சன்னலோரம் கிடைத்தது.
பரமக்குடியில் பால்பன் விற்றுப் போனான்,
முகத்தைத் திருப்பவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.
உச்சிப்புளி தாண்டி உப்புக்காற்று ஏறியபோது
மிஷினை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன்.
அதற்கும் ஞாபகம் இருக்கிறது,
தேதியோடு, மணியோடு.
ரயில் ஆட்டத்தில் கோணல்மாணலாக
138ஐ அடித்து 238,
141ஐ அடித்து 256,
129ஐ அடித்து
அன்றைக்கு வந்தது 283.

கம்பெனிக் குளிர்பெட்டியில்
நண்டுச்சதை டப்பாக்களுக்கு இந்தப் பக்கம்
என் பெயர் எழுதிய மருந்து இருக்கிறது.
யாருடையது என்று இரண்டு பெண்கள் கேட்டார்கள்.
என்னுடையது என்றேன்.

இன்று நாலரைக்குச் சுண்டுவிரல்.
லியோன் வாசலில் நின்று, "எவ்வளவு?" என்றார்.
வாயால் சொல்லவில்லை.
மிஷினை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.
219.
"எறங்குதே" என்றார்.
"கொஞ்சம்" என்றேன்.
கரையில் செய்யது வள்ளத்தின் எஞ்சின் கேட்டது.
காலிக் கூடையை முதலில் தட்டில் வைத்தேன்.